தமிழ் வரும் இடத்தில் கைத்தட்டு

மதியம் ஒரு மணிக்கே மரக்கடையில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். பாதி இறக்கிய லோடு லாரியிலேயே கிடந்தது.

"ஆதி, சந்து வழியாவே வீட்டுக்குப் போயிடு. மெயின் ரோட்டுல தமிழ்நாட்டு நம்பர் வண்டியக் கொளுத்திட்டாங்களாம். யாராவது கேட்டா வாயத் தொறக்காத, உன் கன்னடத்தக் கேட்டா எனக்கே அடிக்கத் தோணுது" என்றார் மேஸ்திரி. சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

காவிரித் தண்ணீருக்காகப் பெங்களூர் கொந்தளித்துக் கிடந்த தொண்ணூற்றொன்று டிசம்பர் அது. நான் வீட்டுக்குப் போகவில்லை. என் மகள் மகா விவேக் நகரில் ஜோசஃபின் டீச்சர் வீட்டு டியூஷனில் இருந்தாள். பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் டீச்சர் காலையிலேயே பிள்ளைகளை வரச் சொல்லியிருந்தார். மகாவுக்கு ஆறு வயது. திருவண்ணாமலைப் பக்கமிருந்து நாங்கள் வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. தமிழைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு வராது.

டீச்சர் வீட்டுக்குள் நான் காலை வைத்தபோது தெருக்கோடியில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரப் பெண் வீணா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "டீச்சரே, பாகிலு ஹாக்பேடி!" என்றாள். கதவைப் பூட்டாதீர்கள் என்று அர்த்தம். பூட்டியிருக்கிற வீட்டைத்தான் தமிழர் வீடு என்று கல்லால் அடிக்கிறார்களாம். சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

ஜமக்காளத்தில் ஏழு பிள்ளைகள். எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள்.

"சமையக்கட்டுல ஒளிச்சுடலாமா டீச்சர்?" என்றேன்.

"இருட்டுல விக்கி கத்துவான் அண்ணா. அவன் கத்துனா ஏழும் கத்தும். கதவு தொறந்தே இருக்கட்டும். இங்கிலீஷ் கிளாஸ் நடக்குற வீடுன்னு நெனச்சுட்டுப் போவட்டும்."

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த டியூஷனின் பாடமே தமிழில் கட்டியதுதான். 'கோ — போறேன், வென்ட் — போனேன், கான் — போயிட்டேன்' என்று ஒரே மூச்சில் பாட்டாகச் சொல்ல வைப்பார். இங்கிலீஷ் வார்த்தை ஒன்று, அதன் வாலில் தமிழ் ஒன்று. வாலில்லாமல் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தையும் வராது. ஒரு வருடமாகத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கே அந்தப் பாட்டு மனப்பாடம். கரும்பலகையிலும் இங்கிலீஷுக்குப் பக்கத்தில் தமிழ் எழுதியிருந்தது. துண்டை எடுத்துத் தண்ணீர்ப் பானையில் நனைத்து, தமிழை மட்டும் பார்த்துப் பார்த்துத் துடைத்தேன். அவசரத்தில் ஓர் இங்கிலீஷ் வார்த்தையும் பாதி போயிற்று. தேதி கிழிக்கிற தமிழ்க் காலண்டரைக் கழற்றி டீச்சர் அரிசி டின்னுக்குள் போட்டார்.

"பசங்களா, இன்னிக்குப் புது வெளையாட்டு. தமிழ் வர்ற எடத்துல தமிழ் சொல்லக் கூடாது, கை தட்டணும். யாரு வாயில தமிழ் வருதோ அவங்க அவுட்டு."

"அவுட்டுன்னா வீட்டுக்குப் போயிடலாமா மிஸ்?" என்றான் விக்கி.

"போவ முடியாதுடா."

"அப்ப என்ன கேமு இது?"

"கோ" என்றார் டீச்சர், கொஞ்சம் உரக்க.

"கோ — போ…" என்று நாலு குரல் வந்தது. டீச்சர் மறுபடி சொன்னார். மறுபடி. நான்காவது தடவை 'கோ', தட்டு, 'வென்ட்', தட்டு, 'கான்', தட்டு என்று வந்தது. தெருவில் கூச்சல் நெருங்கிக்கொண்டே இருந்தது. 'ஈட்' சொன்னார்கள். 'கம்' சொன்னார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த நானும் தட்டினேன்.

வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவன் சிவப்புச் சட்டை. கையில் சைக்கிள் செயின்.

"ஏனு நடீதிதே இல்லி?" என்ன நடக்கிறது என்று கேட்டான்.

"மக்களிகே இங்கிலீஷ் டியூஷன் சார்." பிள்ளைகளுக்கு டியூஷன் என்றார். டீச்சர் பிறந்ததே இந்த ஊரில்தான். அவர் கன்னடத்தில் ஒரு பிசிறு கிடையாது.

அவன் என்னைப் பார்த்தான். "இவனு யாரு?"

"மகளைக் கூட்டிப் போக வந்தவர், வாய் பேச வராது" என்று டீச்சர் கன்னடத்திலேயே சொன்னார். ஒரு நொடியில் நான் ஊமையானேன். வாயைத் திறந்தால் மேஸ்திரி சொன்ன அந்தக் கன்னடம்தான் வரும் என்று அவருக்கும் தெரியும்.

சிவப்புச் சட்டைக்காரன் செருப்போடு உள்ளே வந்தான். செயின் நுனியால் பலகையில் ஒரு வார்த்தையைத் தொட்டு, மகாவைப் பார்த்தான். "பாப்பா, இது ஹேளு." இதைச் சொல்லு என்றான்.

"ஃபால்" என்றாள் மகா. தட்டினாள். "ஃபெல்." தட்டினாள். "ஃபாலன்." தட்டினாள்.

"ஹாகந்த்ரே ஏனு?"

அப்படியென்றால் என்ன என்கிறான். மகாவுக்குக் கன்னடம் புரியாது. ஆனால் வார்த்தை முடிந்ததும் டீச்சர் தினமும் கேட்கிற கேள்வி அதுதானே. அந்தக் குரலை வைத்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது அவள் முகத்தில் தெரிந்தது. மேல்பல் கீழுதட்டில் போய் அழுந்தியது. 'வி' வரப்போகிறது. பாப்பா வேண்டாம், வேண்டாம் என்று எனக்குள் கத்தினேன். ஊமைக்கு எது வாய்? அவள் என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டக்கூட எனக்குத் துணிவில்லை.

மகா எழுந்து நின்றாள். அப்படியே பொத்தென்று ஜமக்காளத்தில் விழுந்தாள்.

யாராவது விழுந்தால் விக்கியால் சும்மா இருக்க முடியாது. அவனும் விழுந்தான். அவன் மேல் இன்னும் இரண்டு பேர். வாசலில் நின்ற இருவரில் ஒருவன் சிரித்துவிட்டான்.

சிவப்புச் சட்டைக்காரன் சிரிக்கவில்லை. பலகையில் நான் துடைத்த ஈரத்தைப் பார்த்தான். ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கும் பக்கத்தில் ஓர் ஈரத் திட்டு. மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு என் மடியில் கிடந்த ஈரத் துண்டைப் பார்த்தான்.

"கன்னடானூ ஹேள்கொடி டீச்சர்" என்றான். கன்னடமும் சொல்லிக்கொடுங்கள். திரும்பிப் போய்விட்டான். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். நான்கு வீடு தள்ளி ஏதோ உடைந்தது, ஒரு பெண் அலறினாள்.

டீச்சர் சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தார். கையிலிருந்த சாக்பீஸ் பொடியாகியிருந்தது.

"பின்னாடி சந்து இருக்கு அண்ணா. உங்க பொண்ணத் தூக்கிட்டுக் கெளம்புங்க. இப்ப விட்டா முடியாது."

மகா என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். தூக்கிக்கொண்டு பின்கதவு வரைக்கும் போனேன். தாழ்ப்பாளில் கையும் வைத்தேன். சந்தில் எந்தப் பக்கம் எத்தனை பேர் நிற்கிறார்களோ. வழியில் இவள் தமிழில் ஒரு வார்த்தை பேசினால் போதும். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தேன்.

ஏழு மணி வரை இருந்தேன். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலிருந்தும் யாராவது பதுங்கிப் பதுங்கி வந்து கூட்டிப் போனார்கள். கடைசியாக வந்தவள் விக்கியின் அம்மா. நெற்றிப் பொட்டை அழித்துவிட்டு, முஸ்லிம் பெண் போல முக்காடு போட்டு வந்திருந்தாள். பிள்ளைகளை விட்டுப் போகாமல் நான் காவல் இருந்ததாக டீச்சர் அவளிடம் சொன்னார். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். காவலும் இல்லை, ஒன்றும் இல்லை. பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்லவும் அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.