வலது தோள்

இரண்டாவது குவளைத் தண்ணீரை ஊற்றும்போதுதான் சஹானா அதைப் பார்த்தாள். அம்மாவின் வலது தோளில், கழுத்தெலும்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு கறை. நடுவில் நீலம், சுற்றிலும் பச்சை, ஓரத்தில் மஞ்சள்.

வனஜா ஈரப் புடவையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா அது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"எந்தக் கதவு?"

"பீரோ கதவு. தண்ணிய ஊத்து. நேரமாகுது, மகேசு கத்துவான்."

சஹானா ஊற்றினாள். அம்மா வலது கையைத் தூக்காமல் இடது கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புடவை மாற்றும்போது கொசுவத்தைக்கூட இடது கையால்தான் செருகினாள். ரவிக்கையின் வலது கையை மட்டும் தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லித் திரும்பிக்கொண்டாள்.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா இருந்தார். நேற்று மாலை டீ கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், டீ வருவதற்குள் போய்விட்டார். சஹானா ஹைதராபாத்திலிருந்து காலை முதல் விமானத்தில் வந்து சேர்ந்தாள். சால்ட் லேக்கின் அந்த மூன்றாம் மாடி வீட்டில் அப்பா கோவிந்தராஜன் ஓய்வு பெற்ற பிறகு ஏழு வருஷம் இருந்தார். அதற்கு முன் முப்பத்திரண்டு வருஷம் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை. கடைசிப் பதினைந்து வருஷம் சோதனைப் பிரிவு. செய்து முடித்த ஒவ்வொரு துப்பாக்கியையும் சுட்டுப் பார்த்து, என்ன ஆனது என்று எழுதி வைப்பது அவருடைய வேலை.

சஹானா படுக்கையறைக்குப் போய் பீரோ முன்னால் நின்றாள். கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். கைப்பிடி அம்மாவின் இடுப்பு உயரத்தில் இருந்தது. கதவின் விளிம்பில் இடித்துக்கொண்டால் நீளமாகக் கோடு விழும், வட்டமாக விழாது. தான் தேவையில்லாமல் யோசிக்கிறோமோ என்று தோன்றியது. மறுபடி ஒருமுறை திறந்து, தன் தோளை வைத்துப் பார்த்தாள். எட்டவில்லை.

மகேஸ்வரன் மாமா உள்ளே எட்டிப் பார்த்தார். அம்மாவின் தம்பி. ஊரின் இன்னொரு பகுதியான பாலிகஞ்சிலிருந்து நேற்றே வந்து எல்லா ஏற்பாடும் செய்தவர் அவர்தான்.

"ஆதார் எங்க? நீம்தலா சுடுகாட்டுல அது இல்லாம உள்ளயே விட மாட்டான். வண்டி பதினொண்ணுக்கு வந்துரும்."

"தேடறேன் மாமா."

"தேடு, தேடு. உங்கப்பா எல்லாத்தையும் நம்பர் போட்டு வச்சிருப்பாரு. ஆனா நமக்கு வேண்டியது மட்டும் எந்த நம்பர்ல இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

அவர் திரும்பும்போது சஹானா கேட்டுவிட்டாள். "மாமா, அப்பா அம்மாவ அடிச்சிருக்காரா?"

மாமா கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். கதவைப் பாதி சாத்தினார்.

"என்ன பேச்சு இது? பாடி வெளிய இருக்கு."

"உண்டா, இல்லையா?"

"கோவக்காரர்தான். எந்த வீட்ல இல்ல? முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியிருக்காங்க. உனக்கு எதுக்கு அதெல்லாம் இப்போ? போய் ஆதாரத் தேடு."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. சஹானா அதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

மேசை டிராயரில் ஆதார் இருந்தது. அதற்குக் கீழே நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. அப்பா தொழிற்சாலையில் வைத்திருந்த அதே மாதிரி. ஒரு பக்கத்தில் பென்சில் செருகியிருந்தது.

"வ. வலது தோள்" என்று மேலே அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். கீழே வரிசையாக,

நாள் 1 (ஞாயிறு): சிவப்பு. வீக்கம். மூன்றோடு நிறுத்தினேன்.
நாள் 2: கருநீலம். கை தூக்க முடியவில்லை.
நாள் 4: நீலம். ஐஸ்.
நாள் 6: ஓரம் பச்சை.
நாள் 9 (திங்கள்): பச்சை, ஓரத்தில் மஞ்சள். கை பாதி தூக்குகிறாள்.

சஹானா கட்டிலில் உட்கார்ந்தாள். அப்பாவின் அச்சுப் போன்ற கையெழுத்து. எங்கும் அடித்தல் திருத்தல் இல்லை. அடித்துவிட்டு, அது ஆறுவதை நாள்வாரியாக எழுதி வைக்கும் மனிதரா? அவரால் முடியும் என்றுதான் தோன்றியது. அவளுக்குப் பத்து வயதில் அம்மை போட்டபோதும் கொப்புளங்களை எண்ணி எழுதியவர் அவர். அப்போது அதை அன்பு என்று நினைத்துக்கொண்டாள்.

"சஹானா!" கூடத்திலிருந்து மாமா கூப்பிட்டார். நோட்டை மூடி, தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

பெட்டியிலிருந்து எடுத்து அப்பாவைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. மேல்வீட்டு வங்காளி அம்மாள், இவர்கள் காகிமா என்று கூப்பிடுகிறவள், ரஜனிகந்தா மாலைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தட்டில் அரிசி.

"ஒரே பொண்ணு. நீதான் முதல்ல வாய்க்கரிசி போடணும்" என்றார் மாமா. "சுடுகாட்டுக்கும் வா. இங்க பொம்பளைங்க எல்லாம் போறாங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வண்டி வந்ததும் ஆரம்பிச்சுரலாம்."

சஹானா அப்பாவின் கைகளைப் பார்த்தாள். கட்டைவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். அந்தக் கை அம்மாவை அடித்திருந்தால் அவளால் அரிசி போட முடியாது. போடாமல் இருந்துவிட்டு, நினைத்தது தப்பு என்று பிறகு தெரிந்தால், திரும்பப் போடவும் முடியாது. மணி பத்து இருபது.

அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அம்மா, உண்மைய சொல்லு. கதவு இல்ல அது."

வனஜா அவளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். காகிமா மாலையோடு வந்ததும் மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் பிரிட்டோ வந்தார். அப்பாவோடு வேலை பார்த்தவர், தூத்துக்குடிக்காரர். சஹானா அவரை மூன்று நான்கு முறை பார்த்திருக்கிறாள். அப்பாவும் அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரைபிள் கிளப்புக்குப் போவார்கள். மலர் வளையத்தைக் காலடியில் வைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அம்மாவிடம் குனிந்தார்.

"தோள் எப்படிம்மா இருக்கு?"

"பரவால்ல தம்பி" என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி.

சஹானா எழுந்தாள். "அங்கிள், ஒரு நிமிஷம் வெளிய வரீங்களா?"

மாடிப்படித் திருப்பத்தில் யாரோ கழற்றிவிட்டிருந்த செருப்புகளுக்கு நடுவே அவர் நின்றார்.

"எங்கம்மா தோள்ல அடிபட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிரிட்டோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கப்பா அடிச்சாரா?"

"யாரு? கோவிந்தராஜனா?" அவர் கண்ணாடியைப் போடவே மறந்துவிட்டார். "ஏம்மா, என்ன வார்த்த சொல்ற! அது உதைச்சதும்மா. துப்பாக்கி."

"துப்பாக்கியா?"

"உங்கம்மா கிளப்ல சேர்ந்துட்டாங்க. ரெண்டு மாசமாச்சு. ஞாயித்துக்கிழம தனியா வீட்ல உக்காந்து உக்காந்து சலிச்சுப் போச்சு, நானும் வரேன்னாங்க. உன்கிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க. நீதான் போன பொங்கலுக்கு, இந்த வீட்ல துப்பாக்கி இருந்தா வர மாட்டேன்னு சொல்லிட்டுப் போனியாம்."

அவள் சொன்னது உண்மைதான். வார்த்தை மாறாமல் அப்படித்தான் சொன்னாள்.

"ரெண்டு மாசம் வெறும் துப்பாக்கியத் தூக்கிப் பழகினாங்க. முதல் தடவ சுடறவங்களுக்கு பாயிண்ட் டூ டூ குடுக்கணும். சின்னத் தோட்டா, உதைக்கவே உதைக்காது. எந்தக் கத்துக்குட்டிக்கும் தெரியும். உங்கப்பா என்ன பண்ணாரு, தன்னோட த்ரீ ஒன் ஃபைவ எடுத்துக் குடுத்துட்டாரு. பெரிய தோட்டா, தோள்ல வைக்கிற கட்டையோட அடில இரும்புத் தகடு. பதினஞ்சு வருஷம் தினமும் சுட்டவரு பாரு, அது உதைக்கும்கிறதே அவருக்கு மறந்து போச்சு. இறுக்கிப் பிடின்னு சொன்னோம். அவங்க பயத்துல தோள்லேர்ந்து தள்ளிப் பிடிச்சுட்டாங்க. மூணு ரவுண்டு. முத ரெண்டு எங்கயோ போச்சு, மூணாவது குறிப் பலகையோட நடுக் கருப்புல. படுத்துச் சுட்டவங்க எழுந்து பார்த்தா கை தொங்குது. வலிக்குதுன்னு முத ரவுண்டுலயே சொல்லியிருக்கலாம், சொல்லல. அவங்களுக்கும் பிடிவாதம்."

கீழே ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. அவர்களுடையது இல்லை.

"அப்புறம் ஒரு வாரம் என் உயிர எடுத்துட்டாரும்மா. எந்தத் தோட்டா வாங்கறதுன்னு. எல்லா டூ டூவும் ஒண்ணுதான் சார்னேன். இல்ல பிரிட்டோ, வேகமானது வேண்டாம், சத்தமும் கம்மியா இருக்கணும், அவ சத்தத்துக்கே கண்ண மூடறாங்கறாரு. பழைய துப்பாக்கிய போன புதன்கிழம டீலர்கிட்ட குடுத்துட்டாரு. நீ சொல்லி ஒரு வருஷமா குடுக்காத மனுஷன்."

சஹானா தலையாட்டினாள். நம்பிவிட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. நண்பன் செத்துக் கிடக்கும்போது அவன் பெயரைக் காப்பாற்ற ஒருவர் இவ்வளவு பொய் சொல்லலாம். தூத்துக்குடியிலிருந்து வந்து முப்பது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர் நிச்சயம் சொல்வார்.

படுக்கையறைக்குப் போனாள். கதவைத் தாழிட்டாள். தலையணைக்கு அடியிலிருந்த நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பினாள்.

அடுத்த பக்கம் முழுவதும் கட்டம். தோட்டாவின் பெயர், குண்டின் எடை, வேகம், துப்பாக்கியின் எடை, உதை, சத்தம். ஐந்து வரிசைகள். முதல் வரிசையில் த்ரீ ஒன் ஃபைவ். அதற்கு நேராக 'உதை' கட்டத்தில் 100 என்று எழுதி, பக்கத்தில் "என் தவறு" என்று எழுதியிருந்தார். மற்ற நான்கும் பாயிண்ட் டூ டூ. எல்லாவற்றுக்கும் உதை ஒன்று, ஒன்றரை. அதில் மூன்றைக் கோடு போட்டு அடித்திருந்தார். ஒன்றைச் சுற்றி வட்டம்.

அதற்குக் கீழே எழுதியிருந்தது:

"வேகம் குறைந்தது போதும். கிளப்பின் கனமான துப்பாக்கி. காதுக்கு இரண்டு அடைப்பு. தோள் முழுதாக ஆறிய பிறகே. ஐந்து ரவுண்டு மட்டும். அவள் கேட்டால் ஆறு."

வெளியே மாமா கதவைத் தட்டினார். "வண்டி வந்தாச்சு. உள்ள என்னடி பண்ற?"

"வரேன் மாமா."

அவள் போய் அரிசித் தட்டின் முன்னால் மண்டியிட்டாள். கையில் அள்ளினாள். விரலிடுக்கில் நழுவிச் சில அரிசிகள் அப்பாவின் சட்டையில் விழுந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, மறுபடி போட்டாள். மூன்று முறை.

"போதும்" என்றார் மாமா. "அக்கா, நீ வா."

வனஜா அரிசியை அள்ளினாள். வலது கை மார்புக்கு மேல் எழவில்லை. இடது கைக்கு மாற்றப் போனாள்.

"வலது கைல போடுக்கா, இடது கூடாது" என்றார் மாமா.

சஹானா அம்மாவின் முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்து மெல்ல உயர்த்தினாள். பிரிட்டோ சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீம்தலாவிலிருந்து திரும்பும்போது மணி ஐந்து. குளித்துவிட்டு வந்தபோது வீட்டில் கூட்டம் குறைந்திருந்தது. பாயிருந்த இடத்தில் விளக்கு மட்டும் எரிந்தது. மாமா நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். காகிமா பால் காய்ச்சி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

வனஜா கட்டிலில் இடது பக்கமாகப் படுத்திருந்தாள். மேசை மேல் நீல நோட்டு இருந்ததை அவள் பார்த்துவிட்டாள் என்று சஹானாவுக்குத் தெரிந்தது.

"நீ திட்டுவேன்னுதான் சொல்லல" என்றாள் வனஜா.

"திட்டல."

"மூணாவது கருப்புல பட்டுச்சு."

"அங்கிள் சொன்னாரு."

"உங்கப்பா நம்பவே இல்ல. பைனாகுலர்ல மூணு தடவ பார்த்தாரு." அவள் சிரிக்கப் பார்த்தாள். பிறகு ரவிக்கையின் மேல் கொக்கியைக் கழற்றி, தோளை விளக்குப் பக்கம் திருப்பினாள். தன் தோளை அவளால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

"பாரு. இன்னும் இருக்கா?"

சஹானா குனிந்து பார்த்தாள். காலையில் பார்த்ததைவிட ஒரு விரல் அளவு சுருங்கியது போலிருந்தது. விளக்கு வெளிச்சமாகவும் இருக்கலாம். அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"இருக்கும்மா."

வனஜா கொக்கியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

சஹானா நாற்காலியை மேசை அருகே இழுத்தாள். நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தாள். நாள் 9க்குக் கீழே ஒரு வரி இடம் விட்டாள். விரல்களை மடக்கி இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் வரிசைக்கு நேராக எழுதினாள்.

நாள் 11 (புதன்): நடுவில் நீலம். ஓரம் மஞ்சள். கை தூக்கினாள்.