புதைக்க வந்த பல்

விடியும்போதே சுவா என்னும் தீவு நகரத்து மழை தகரக் கூரையில் கொட்டத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குள் அது யார் காதிலும் விழவில்லை. கொதிகலன் போடும் இரைச்சல் அப்படி. மேல்மாடிகளிலிருந்து பெரிய குழாய் வழியாக அழுக்கு மூட்டைகள் தொப்தொப்பென்று விழுந்துகொண்டே இருந்தன. ரத்தமும் மூத்திரமும் ஊறிய ஈரத்துணி பிணக்கனம் கனக்கும். உனைசி ஒரு மூட்டையின் இந்த முனையைப் பிடிக்க, ராம்ரத்தி அந்த முனையைப் பிடித்தாள். இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துத் தூக்கி மேசைமேல் போட்டார்கள். பல வருஷமாக இப்படித்தான்.

முன்பெல்லாம் ஆபரேஷன் அறைத் துணி மஞ்சள் பையில் வரும். மஞ்சளைக் கண்டால் தடித்த கையுறையும் இடுக்கியும் எடுப்பார்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தைக் குத்தகைக்கு விட்டதும் எல்லாம் வெள்ளைப் பை ஆயிற்று. கையுறை மெலிந்தது. குத்தகைக்காரன் அபெனிசாவின் வயிறு மட்டும் மெலியவில்லை.

உனைசி ஒரு பச்சைத் துணியை உதறினாள். சுருக்கென்றது. உள்ளங்கையில் ஓர் ஊசி குத்திட்டு நின்றது.

"என்னடி அது?" என்றாள் ராம்ரத்தி.

"ஒண்ணுமில்லக்கா."

உனைசியின் உதடு வெளுத்துவிட்டது. யார் ரத்தம் குடித்த ஊசியோ, யாருக்குத் தெரியும்? ராம்ரத்தி அவளை அவசரப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அங்கே இருந்த நர்ஸ் டோரிகா, ஆஸ்பத்திரி ஊழியர் சங்கத்தின் செயலாளர். ரத்தம் எடுத்துக்கொண்டே பேசினாள்.

"போன வருஷம் எனக்கும் குத்துச்சு. உடனே மாத்திரை குடுத்தாங்க, சம்பளத்தோட லீவு குடுத்தாங்க. பாசத்துல குடுத்தாங்கன்னு நினைக்காத. சங்கம் வருஷக்கணக்கா சண்டை போட்டு வாங்குனது."

"அப்ப எனக்கு?"

"நீ ஆஸ்பத்திரி ஆளே இல்லையாம். வேலையில பட்ட காயம்னு அபெனிசா கையெழுத்துப் போடணுமாம். நீங்களும் சங்கத்துல சேருங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்."

டோரிகா டாக்டரிடம் மல்லுக்கு நின்று சனிக்கிழமை வரைக்குமான மாத்திரையை வாங்கித் தந்தாள். மீதி மாத்திரைக்கும், ரத்தம் கெட்டுப்போயிருந்தால் செய்ய வேண்டிய வைத்தியத்துக்கும் அந்தக் கையெழுத்து வேண்டும்.

அபெனிசா போடவில்லை. போட்டால் மஞ்சள் பை எங்கே என்று கேள்வி வரும், குத்தகை போகும். "வீட்டுல குத்திக்கிட்டு வந்தியோ என்னமோ" என்றான்.

மாத்திரை உனைசியின் குடலைப் புரட்டியது. வாந்தியெடுத்துவிட்டு வந்து மூட்டை தூக்கினாள். லீவு கேட்டால் வேலை போய்விடும். வீட்டில் தன் கிண்ணத்தைத் தனியே ஒதுக்கினாள். கிண்ணத்தால் ஒட்டாது என்று டோரிகா படித்துப் படித்துச் சொல்லியும் மனசு கேட்கவில்லை. மகளுக்குத் தலை வாரவும் பயந்தாள். ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரிய மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவளால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, தேநீர் நேரத்தில் அபெனிசா வந்தான். இடுப்பில் சடங்குக்குக் கட்டும் பாய் சுற்றியிருந்தான், கையில் திமிங்கிலப் பல். ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அடேயப்பா, எத்தனை பணிவு. எல்லோரும் தாங்களாகவே தரையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பல் புனிதம், அதன் முன்னால் நிற்கக் கூடாது.

தப்புச் செய்தவன் பல்லை நீட்டி மன்னிப்புக் கேட்பதற்கு புலுபுலு என்று பெயர். புதைப்பது என்று அர்த்தம். வாங்கிக்கொண்டு, உட்கார்ந்திருப்பவர்கள் கைதட்டிவிட்டால் தப்பு மண்ணுக்குள் போய்விட்டது. அப்புறம் அதைப் பற்றி வாய் திறக்கிறவள்தான் குற்றவாளி.

"தங்கச்சி, உன் புருஷனும் நானும் ஒரே ஊரு. நம்ம வழக்கத்துல முடிச்சிக்குவோம். வெளியாள் எதுக்கு?"

"கையெழுத்து, அண்ணே?"

"மன்னிச்ச பிறகு கையெழுத்து எதுக்கு?"

உனைசி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "என் ரத்தத்துக்குள்ள இருக்கிறத எந்த மண்ணுல புதைக்கச் சொல்றீங்க?"

"பல்லை மறுக்கிறியா? உன் புருஷன் ஊருல தலைகாட்ட வேணாமா?"

"மறுக்கல. எனக்குத் தனியா நீட்டாதீங்க. நாளைக்கு யார் கையில குத்துமோ. நாங்க எல்லாரும் சங்கத்துல சேரப்போறோம். அங்க நீட்டுங்க, கையெழுத்தோட."

அபெனிசா சிரித்தான். "சங்கமா? அது என்ன குலம், எந்த ஊரு? இந்த இந்தியக்காரி உனக்கு என்ன உறவு?"

"மூட்டைக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நான். அவங்க கையை விட்டா என் கால் உடையும். இதுக்கு மேல என்ன உறவு வேணும்?"

அவன் பல்லை இரு கைகளிலும் ஏந்தி, மன்னிப்பு வாசகத்தைச் சொல்ல ஆரம்பித்தான். அவனுக்குத் தெரியும். பேச்சு முடிந்ததும் கைதட்டுவது பால்குடி வயசிலிருந்து பழகிய பழக்கம். உனைசியின் கைகள் அவளைக் கேட்காமலே எழுந்தன. உள்ளங்கைகள் குவிந்தன. வேண்டாம் வேண்டாம் என்று உள்ளே கதறினாள். கைகள் கேட்கவில்லை.

ராம்ரத்திக்கு அவர்கள் மொழியில் சொன்ன அந்த வாசகம் ஒரு வார்த்தையும் புரியாது. உனைசியின் முகம் புரிந்தது. குத்துப்பட்ட அந்தக் கையையே எட்டிப் பிடித்தாள். ஒரு வாரமாக யாரும் தொடாத கை.

மறு கையை இஸ்திரி போடும் பெண் பிடித்தாள். அவளுடைய மறு கையைப் பக்கத்தில் இருந்தவன் பிடித்தான். கொதிகலன் பார்க்கும் கிழவர் தட்டப் போன கையையும் யாரோ பிடித்துக்கொண்டார்கள். கடைசிக் கையை, விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த டோரிகா வாசலில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள்.

வாசகம் முடிந்தது. தட்டுவதற்கு ஒரு கையும் மிச்சமில்லை. நீட்டிய பல் அபெனிசாவின் கைகளிலேயே இருந்தது.

நாளை மாத்திரை தீர்ந்துவிடும். வேலை இருக்குமா தெரியாது. உனைசிக்கு அழுகை பொங்கியது, கண்ணைத் துடைக்கக் கை இல்லை. துடைக்காமலே அழுதாள்.

குழாயில் ஒரு மூட்டை தொப்பென்று விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. யாரும் எழுந்து போகவில்லை.