காலுக்குப் பூஜ்யம்

எங்கள் பெண்கள் பேஸ்பால் கிளப்பில் இரண்டு அணிகள். ஒன்று பெரிய அணி. மற்றது அதற்கு ஆள் வளர்க்கும் அணி. நாங்கள் அதை நாற்று அணி என்போம். எந்த நாற்றைப் பிடுங்கி வயலில் நடுவது என்று சொல்கிற வேலை என்னுடையது. வாரத்தில் ஆறு நாள் கியாக்டடா பேட்டையில் என் ஜெராக்ஸ் கடை; ஞாயிற்றுக்கிழமை தாகேதா மைதானத்தில் கையில் அட்டையும் பென்சிலும். ஓட்டம், எறிதல், அடித்தல், பிடித்தல், ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். என் மார்க்கை யாரும் கேள்வி கேட்டதில்லை. கேட்டால் என் வாய் சும்மா இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நாற்று அணி ஆஷாவுக்கு ஓட்டத்தில் ஒன்பது, எறிதலில் ஒன்பது. பிடித்தலில் மட்டும் மூன்று வருடமாகப் பூஜ்யம். காரணம், அவள் கால். அவள் வீட்டில் எல்லோரும் சின்லோன் ஆடுகிறவர்கள். பிரம்புப் பந்தைக் கீழே விழவிடாமல் காலாலேயே தட்டிக்கொண்டிருக்கும் ஆட்டம் அது. பந்து தாழ்வாக வந்தால் போதும், கைக்கு முன்னால் கால் முந்திக்கொள்ளும்.

"நான் போகச் சொல்லல, அமா. அது தானா போகுது" என்பாள். எங்கள் ஊர் பர்மியர்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி என்னை அமா என்றுதான் கூப்பிடுவாள்.

"கால் பட்டா பூஜ்யம். அவ்வளவுதான்" என்பேன் நானும், சளைக்காமல்.

அடுத்த மாதம் பாங்காக்கில் போட்டி. பெரிய அணியில் ஒரே ஒரு இடம் காலி. ஆஷாவுக்கோ அந்த வாரத்தோடு இருபது வயது முடிகிறது. அதற்கு மேல் நாற்று அணியில் வைத்திருக்க மாட்டார்கள். பெரிய அணியில் சேராவிட்டால் பேஸ்பாலே இல்லை. இரண்டு அணிகளும் மோதிய அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்தான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே அன்று எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அந்தக் காலி இடத்துக்கு, நாற்று அணியிலேயே பிடித்தலில் எட்டு வாங்கும் சாயிமாவின் பெயரை அட்டையில் பாதி எழுதியும் விட்டேன்.

கடைசிச் சுற்று. நாற்று அணி ஓர் ஓட்டம் முன்னால். இன்னும் ஒருத்தியை அவுட்டாக்கினால் வெற்றி. பெரிய அணியின் மெஹ்ரீன் ஓங்கி அடித்தாள். பந்து ஆஷாவின் இடப்பக்கம் சீறிக்கொண்டு வந்தது. ஓடி எட்டினாள், கையுறையின் நுனியில் பட்டு நழுவியது. தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது அவளுடைய வலது கால் குறுக்கே வந்து பந்தை மேலே தூக்கிவிட்டது. மார்பு உயரத்துக்கு எழும்பிய பந்து கையுறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"போச்சு!" என்று தலையில் கை வைத்தாள் ஆஷா.

நடுவர் அமீர் அலி கையை உயர்த்தினார். "அவுட்!"

நான் மைதானத்துக்குள் பாய்ந்தேன். "என்ன அவுட்டு? கால்ல பட்டுச்சே, கண்ணு தெரியலயா?"

"தரையில படல. பந்து கையுறையில இருக்கு. கால் படக் கூடாதுன்னு விதிப் புஸ்தகத்துல எங்க இருக்கு? காட்டுங்க, மா மங்கலம்" என்றார், என் பெயரோடு பர்மிய மரியாதைச் சொல்லையும் சேர்த்து.

அந்தப் புத்தகத்தை எல்லோருக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததே நான்தான். பரபரவென்று புரட்டினேன். தொப்பியால் பிடிக்கக் கூடாது என்று இருந்தது. கையுறையைக் கழற்றிப் பந்தின்மேல் எறியக் கூடாது என்று இருந்தது. காலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்று வருடமாக நான் போட்டுவந்த சட்டம் என் சொந்தச் சட்டம். வெட்கமாக இருந்தது. அதையும் மீறிக்கொண்டு சிரிப்பு வந்தது.

பெண்கள் ஆஷாவைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். முதலில் ஓடிவந்து தூக்கியவள் சாயிமா. மழைச் சேற்றில் எல்லோரும் குதித்தார்கள், தோற்ற மெஹ்ரீன் உட்பட. சந்தோஷம் தாங்காமல் நானும் குதித்தபோதுதான், என் வலது கால் வெறும் காலாக இருப்பதைக் கவனித்தேன்.

ஆஷா இறங்கி என்னிடம் வந்தாள். அவள் கையில் ஒற்றைச் செருப்பு.

"அமா, இது பந்து எறியிற இடத்துல கெடந்துச்சு. பந்து விழுறப்ப உங்க காலும் தானா போயிருச்சு போல" என்றாள். பிறகு மெதுவாக, "அதுக்கு எத்தன மார்க்?"

செருப்பைப் பிடுங்கி மாட்டிக்கொண்டேன். பாதியில் நின்ற பெயரை அடித்துவிட்டு, ஆஷாவுக்குப் பிடித்தலில் பத்து போட்டேன்.

"பல்லக் காட்டாத. போய் பாஸ்போர்ட் எடுத்துட்டு வா" என்றேன்.