கடைசி ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு வீடு

விலைக்குப் பார்க்கப் போன அந்த வீட்டின் சமையலறை ஜன்னலைத் திறந்து நான் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் கணவரின் போன் அடித்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மரம். மரத்தடியில் சைக்கிள் கற்றுக்கொள்ளும் ஒரு சிறுமி, சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே மூச்சிரைக்க ஓடும் அவள் அம்மா. நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபுக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். எந்தப் பொந்தைக் காட்டினாலும் "அருமையான ஏரியா மேடம்" என்று சொல்கிற புரோக்கர் அன்றைக்குத்தான் முதல்முறையாக உண்மை பேசியிருந்தார். மாதக்கணக்கில் விடுமுறை நாட்களையெல்லாம் தொலைத்து ஊர் முழுக்க நாய் படாத பாடு பட்டதில் இந்தத் தெருவில்தான் என் மனம் உட்கார்ந்தது. கட்டில் எங்கே, பீரோ எங்கே என்று மனசுக்குள் போட்டும் வைத்துவிட்டேன்.

"சரிங்க, சரிங்க, இதோ வந்துடறோம்" என்று சொல்லிவிட்டு என் கணவர் போனைச் சட்டைப்பையில் வைத்தார். யார் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தை அப்படி வெளிற வைக்கக்கூடிய ஆள் கடைசி பஸ் ஸ்டாப்பில் இருக்கும் டைம்கீப்பர் ஒருவர்தான். மாமா மறுபடியும் அங்கே போய்விட்டார்.

மாமா, அதாவது என் கணவரின் அப்பா, பஸ் டிரைவராக இருந்தவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒரே ரூட். அந்த ரூட் புறப்படுகிற சந்தைக்குப் பக்கத்துத் தெருவில்தான் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். காலையில் வண்டி எடுக்க வசதி என்று அந்தக் காலத்தில் அவர் பார்த்த வீடு. அத்தை இறந்த பிறகு ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்தார். முதலில் சாப்பிட்டதை, பிறகு என்னை, அப்புறம் மகனை. கால்கள் மட்டும் எதையும் மறக்கவில்லை. நாங்கள் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஊரின் அடுத்த கோடியில் இருக்கும் கடைசி ஸ்டாப்வரைக்கும் நடந்தே போவார். பக்கத்து வீட்டு அக்காவை உட்கார வைத்துவிட்டு வந்தாலும், அவர் தன் வீட்டு அடுப்பை அணைக்கப் போகிற நேரம் மாமாவுக்குப் போதும்.

ஒரு தடவை பைக்கில் வந்த ஒருவன் இடித்து நெற்றியில் தையல் போட்டது. இன்னொரு தடவை வேறு வழியில்லாமல் வெளியே பூட்டிவிட்டு இருவரும் வேலைக்குப் போனோம். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், கதவின் உள்பக்கமெல்லாம் ரத்தம். இரண்டு கையும் வீங்கி, இன்னும் தட்டிக்கொண்டுதான் நின்றார். பூட்டை அன்றைக்கே குப்பையில் எறிந்துவிட்டோம். அதற்குப் பிறகு போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவோம். என்றாவது ஒருநாள் டைம்கீப்பருக்குப் பதிலாகப் போலீஸ் கூப்பிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

அன்றைக்கும் ஆட்டோ பிடித்துப் போனோம். மாமா பெஞ்சில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இங்க வந்துட்டா தங்கம்ங்க. ஒரு தொந்தரவு கெடையாது" என்றார் டைம்கீப்பர். "வழியில நடக்கறதுதான் பயமா இருக்கு."

என் கணவர் எதிரே, பஸ்கள் திரும்பும் இடத்துச் சுவரை ஒட்டிக் கட்டியிருந்த வீட்டையும் அதில் தொங்கிய 'விற்பனைக்கு' பலகையையும் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

ராத்திரி மாமா தூங்கிய பிறகு என் கணவர் ஆரம்பித்தார். "அவரு எங்க போறாரோ, அங்கேயே நாம குடிபோயிட்டா?"

"என்னது?"

"அப்புறம் அவரு எங்க போவாரு, சொல்லு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவர் லிப்ட் மெக்கானிக். லிப்ட் எந்த மாடியில் அடிக்கடி சிக்கி நிற்கிறதோ அங்கே போய்ப் பார்ப்பதுதான் அவர் தொழில். பெற்ற அப்பாவையும் அப்படித்தான் ரிப்பேர் பார்க்க நினைக்கிறார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த மரத்தைப் பற்றிச் சொன்னேன். கடைசி ஸ்டாப்பிலிருந்து லேபுக்கு இரண்டு பஸ் மாறவேண்டும் என்றேன். புகையிலும் ஹாரனிலும் நாளைக்கு ஒரு குழந்தையை எப்படி வளர்ப்பது என்று கேட்டேன். வாங்கப்போவது ஒரே வீடு, இந்த ஜென்மத்தில் நமக்கு இன்னொன்று கிடையாது என்று அழுதேன்.

"எல்லாம் சரிதான். எனக்கு வேற வழி தெரியல. உனக்குத் தெரிஞ்சா சொல்லு, அப்படியே செய்யலாம்" என்றார்.

எனக்கும் வழி தெரியவில்லை. வழி தெரியாதவள் எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவாள்?

சுவரை ஒட்டிய அந்த வீட்டையே வாங்கினோம். பழைய வீட்டைக் காலி செய்த மறுநாளே அங்கே வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். புது வீட்டில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் பஸ்தான். காயப்போட்ட துணியில் கரி படிந்தது. ஆனால் மாமா அடங்கிவிட்டார். நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு வண்டிகள் வருவதையும் திரும்புவதையும் பார்த்தபடி நாளெல்லாம் உட்கார்ந்திருந்தார். என் கணவர் எத்தனையோ நாளைக்கப்புறம் குறட்டை விட்டுத் தூங்கினார். யாராவது போன் செய்தால் "அப்பா இப்ப ரொம்பத் தேவலை, ஏரியாதான் காரணம்" என்று புரோக்கர் மாதிரியே பேசினார். எனக்கும் கோபம் தணிந்துகொண்டுதான் வந்தது. ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கிப் போட்டேன்.

நேற்று எனக்கு விடுமுறை. மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாமா எழுந்துபோய் முகம் கழுவி, தலை வாரி, சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"எங்க மாமா கெளம்பிட்டீங்க?"

"டைம் ஆச்சும்மா."

"இதான் மாமா நம்ம வீடு. நீங்க எப்பவும் வருவீங்களே, அதே எடந்தான். இங்கேயே வந்துட்டோம்."

தப்பான பஸ்ஸில் ஏறிய பயணியைப் பார்ப்பதுபோல என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கடைசி ஸ்டாப்புல யாரும்மா குடியிருப்பாங்க? ஆளுங்கள எறக்கிவிட்டா, வண்டியத் திருப்பிக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்."

கையில் இருந்த துணியோடு அப்படியே நின்றேன். இத்தனை நாளும் அவர் இங்கே வந்து சேர்ந்துவிட்டார் என்று நாங்கள் நினைத்திருக்கிறோம். அவர் டீ குடித்துக்கொண்டு அடுத்த ட்ரிப்புக்குக் காத்திருந்திருக்கிறார். நாங்கள் ஆட்டோவில் வீட்டுக்கு அழைத்துப்போனதைத் திரும்புகிற ட்ரிப் என்று எடுத்துக்கொண்டு பேசாமல் வந்திருக்கிறார். ஒரு ரூட்டுக்கு இரண்டு முனை உண்டு என்று ஒரு லிப்ட் மெக்கானிக்குக்கும் ஒரு லேப்காரிக்கும் உறைக்கவில்லை. இனி அவர் இங்கிருந்து சந்தைக்குப் போவார். அங்கே பெஞ்சும் இல்லை, டைம்கீப்பரும் இல்லை, எங்கள் வீடும் இல்லை. இதற்காகவா அந்த மரத்தை விட்டேன் என்று நினைத்தபோது ஓவென்று கத்தவேண்டும்போல் இருந்தது.

கையைப் பிடித்தேன், உதறினார். கதவை மறித்து நின்றேன். தட்டித் தட்டி வீங்கிய அந்தக் கைகள் ஞாபகம் வந்ததும் நானே விலகிவிட்டேன். கணவருக்குப் போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. எந்தக் கட்டடத்தின் லிப்ட் குழிக்குள் இருக்கிறாரோ. வீட்டைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, குளியலறைச் செருப்போடு பின்னாலேயே ஓடினேன்.

மாமா இடதுபக்கமாகவே, நிதானமாக நடந்தார். முதல் ஸ்டாப் வந்ததும் நின்றுவிட்டார். ஒருவேளை களைத்துவிட்டாரோ, திரும்பிவிடுவாரோ என்று எனக்கு ஒரு நப்பாசை. அவர் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். காத்திருந்தார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் முகம் சுளித்தார். தாமதத்துக்கு நான்தான் பொறுப்பு என்பதுபோல மறுபடியும் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஸ்டாப்பில் நின்றிருந்தவர்கள் எங்களையே கவனித்தார்கள். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அது கடந்து போகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. போன் இன்னும் என் காதிலேயே இருந்தது.

"போலாம், ரைட்" என்றேன்.

மாமா வலது கையை நன்றாக வெளியே நீட்டிக் காட்டிவிட்டு, சாலையில் இறங்கினார்.