இப்போது பார்ப்பவர்: வாலு

வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு வாலு மறுபடியும் அந்தப் படத்தைப் போட்டாள். அவள் அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். சந்தேகமே இல்லை. 'இப்போது பார்ப்பவர்: வாலு' என்று போட்டு, கீழே ஒரு பச்சைக் கோடு மெல்ல நீண்டுகொண்டிருந்தது. பழைய காமெடிப் படம். திங்கட்கிழமை பார்த்தாள், செவ்வாய் பார்த்தாள், நேற்றும் பார்த்தாள். எல்லாம் காலை வேளையில். வேலைக்குப் போகிற பெண் வாரநாளில் பதினோரு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து சினிமா பார்ப்பாளா? என்னவோ நடந்திருக்கிறது.

அவரிடம் இதெல்லாம் தப்பாது. முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் குறித்த மனிதர். தெருவில் பேரே மீட்டர்தான். எண்ணைப் பார்த்தே வீட்டைப் படித்துவிடுவார். இந்த வீட்டில் ஆள் வெளியூர் போய்விட்டார்கள், அந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, மாடி வீட்டில் ரெண்டு ஏசி ஓடுகிறது, ஆக புருஷனும் பெண்டாட்டியும் இப்போது தனித்தனி அறை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் அவிழ்த்துவிடுவார். பெண்டாட்டி, "ஊர் வம்பு நமக்கு எதுக்கு?" என்பாள், ஆனால் காதை மூடிக்கொள்ள மாட்டாள். மகளுக்குச் சிரிப்புத் தாங்காது. "நம்ம வீட்டு மீட்டர் என்னப்பா சொல்லுது?" என்று கேட்பாள். "இங்க ஒரு வாலு விடிய விடிய லைட்ட அணைக்காம கதைப் புத்தகம் படிக்குதுன்னு சொல்லுது" என்பார். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

ஓய்வு பெற்றதும் கை சும்மா இருக்கவில்லை. பரணில் கிடந்த சிடிக்களைப் பார்த்தார், மாதாமாதம் ஒவ்வொரு படமாகக் காணாமல் போகிற ஆன்லைன் சமாசாரங்களைப் பார்த்தார், "நம்ம படம், நம்ம பாட்டு, நம்ம வீட்டுப் பெட்டியிலயே இருக்கணும்" என்று ஒரு நாள் அறிவித்துவிட்டார். பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. மூன்று ஹார்ட் டிஸ்க் வந்தது. வீடியோ பார்த்துப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, நோட்டில் எழுதி எழுதி, நாற்பது நாள் மல்லுக்கட்டினார். தாலாட்டுப் பாட்டுத் தொகுப்புக்கு அந்தப் பெட்டி தானாகவே ஒரு பேய்ப்பட போஸ்டரை ஒட்டியது. "துணி தேய்க்கிற மேஜையப் புடுங்கிட்டீங்க. பரவால்ல, இனிமே உங்க பொட்டி மேலயே தேச்சுக்கறேன், அதுவும் சூடாத்தான இருக்கு" என்றாள் பெண்டாட்டி. ஆனால் சமையலறையில் போனைச் சாய்த்து வைத்து முதல் படம் பார்த்தவளும் அவள்தான்.

பாஸ்வேர்ட் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் போனில் பார்க்கலாம். தனக்கு ஒரு கணக்கு, அவளுக்கு ஒரு கணக்கு திறந்தார். யாரும் கேட்காமலே மூன்றாவதாக ஒன்று திறந்து 'வாலு' என்று பெயர் வைத்தார். அதற்குள் மகள் அவரோடு பேசுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அந்தக் கதை சின்னதுதான். கல்யாணமாகிப் போன பெண் ஒரு நாள் பையோடு வந்து நின்றாள். அஞ்சு நாள் இருந்தாள். அவர் அந்த அஞ்சு நாளும் பேப்பர் படித்தார், கடைக்குப் போனார், குழாய்க்கு வாஷர் மாற்றினார். ஆறாம் நாள் காலையில் பஸ் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து, "கிளம்பும்மா, கொண்டுபோய் விட்டுட்டு வரேன். எல்லா வீட்லயும் இருக்கறதுதான்" என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எட்டு மாதம் கழித்து அங்கிருந்து அவளாகவே வெளியேறி, வேறு ஊரில் ஓர் அறை எடுத்து, ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்குத் தலையில் எங்கே தையல் போட்டிருந்தார்கள் என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது. அதற்கப்புறம் அவள் போன் அடித்தால் அம்மாவுக்குத்தான். தவறி அவர் எடுத்துவிட்டால், "அம்மா இல்லையா?" இரண்டே வார்த்தை.

பாஸ்வேர்டை அம்மாதான் அவளுக்குச் சொன்னாள். "அப்பா போட்டுக் குடுத்தார்னு சொன்னேன். 'ம்'னா" என்று வந்து சொன்னாள். பதினோரு நாள் ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், திரையில் 'வாலு' என்று வந்தது. அவர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அன்றிலிருந்து அதுவே அவருக்கு வேலையாகிப் போனது. எந்தப் படத்தைப் பாதியில் விட்டாள் என்று குறித்துக்கொள்வார், அந்த மாதிரிப் படத்தை மறுபடி ஏற்ற மாட்டார். பள்ளிக்கூட நாளில் அவள் முணுமுணுத்துக்கொண்டு திரிந்த பாட்டுகளையெல்லாம் தேடிப் பிடித்துப் போட்டார். ஒரு ஞாயிறு முழுக்க அவள் அவற்றையே கேட்டாள். இவரும் இங்கே மத்தியானச் சாப்பாட்டை மறந்து, பச்சைக் கோட்டின் எதிரே உட்கார்ந்திருந்தார். இதைப் பேச்சு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பாவம், அவருக்கு வேறென்ன இருந்தது?

பெண்டாட்டி மட்டும் ஒரு தடவை எச்சரித்தாள். "பாத்தா பாத்ததோட விட்டுடுங்க. நீங்க பாக்கறது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா அன்னையோட சரி."

இரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்த மனிதர்தான். இந்த வியாழக்கிழமை பெண்டாட்டி கடைக்குப் போயிருந்தாள். பச்சைக் கோடு நீண்டுகொண்டே இருந்தது. உடம்புக்கு ஏதாவதா, வேலை போய்விட்டதா, தனியாக அந்த அறையில் என்ன பண்ணுகிறாள் என்று ஒன்று மாற்றி ஒன்று யோசித்தார். போனை எடுத்து அடித்தே விட்டார். திரையில் கோடு சட்டென்று நின்றது. தனக்காகப் படத்தை நிறுத்தியிருக்கிறாள்.

"அப்பா?" என்றாள்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல்.

"அம்மாவுக்கு ஏதாவதா?"

"இல்லம்மா, அம்மா நல்லா இருக்கா. நீ... வேலைக்குப் போகலையாம்மா?"

"யாரு சொன்னா? அம்மாவா?"

சும்மா கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பொழுதுபோகாமல் அடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். கேட்பதற்கும் சொல்வதற்கும் உலகத்தில் எத்தனையோ இருந்தது. அவரோ, கண்டுபிடித்துவிட்ட பழைய பெருமையில், "யாரும் சொல்லல. நாலு நாளா காலைல பதினோரு மணிக்குப் படம் பாக்கற. அதுவும் ஒரே படம். செவ்வாய்க்கிழமை பாதியில நிறுத்திட்டு ஒரே சோகப் பாட்டா கேட்ட. எல்லாம் இங்க தெரியுதே" என்றார்.

லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"எல்லாமேவா?"

"ஆமா."

"ரெண்டு வருஷமா?"

"தப்பா ஒண்ணும் இல்லம்மா. ஒரு அக்கறையிலதான..."

"தூக்கம் வராம எதையாவது போட்டுட்டு அழுதுட்டுக் கெடப்பேன்ப்பா. அதெல்லாம் அங்க மணி, நிமிஷத்தோட விழுந்துட்டு இருந்துச்சா?"

அவர் திரையில் நின்றுபோன பச்சைக் கோட்டைப் பார்த்தார்.

"நான் பையத் தூக்கிட்டு வந்து உங்க எதிர்லதான் உக்காந்திருந்தேன். அஞ்சு நாள். எதுக்கு வந்தேன்னு ஒரு வார்த்த கேக்கல. இப்ப மிஷின் சொன்னதும் கேக்கறீங்க." அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். "நான் என்னப்பா, நீங்க ரீடிங் எடுக்கற இன்னொரு வீடா?"

போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் திரையிலிருந்து 'வாலு' போய்விட்டது.

பெண்டாட்டி வந்ததும் சொன்னார். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவ ஞாயித்துக்கிழம இங்க வர்றதா இருந்தது" என்றாள். "மூணு வாரமாச்சு வேல போயி. 'அப்பாகிட்ட நானே நேர்ல சொல்லிக்கறேன்மா, நீ எதுவும் சொல்லிடாத'ன்னா. நானும் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. அவர் காலையிலேயே சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, வருகிற பஸ்ஸுக்கெல்லாம் வாசலில் போய் நின்றார். சாயங்காலம் சட்டையைக் கழற்றி மாட்டினார். அஞ்சு நாள், அஞ்சு நாள் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதில் மூன்றாம் நாள், அவர் குழாய்க்கு வாஷர் மாற்றும்போது, அவள் பக்கத்தில் வந்து டார்ச் பிடித்தாள். "அப்பா" என்றுகூட ஆரம்பித்தாள். "கொஞ்சம் மேல தூக்கிப் பிடி" என்றார் அவர். அவள் தூக்கிப் பிடித்தாள். அந்தக் குழாய் அதற்கப்புறம் சொட்டவே இல்லை.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். யார் எதைப் பார்த்தார்கள் என்ற பதிவையெல்லாம் அழித்தார். இனிமேல் பதியாதே என்று அமைத்தார். ஆனாலும் அந்த 'இப்போது பார்ப்பவர்' பகுதி போகவில்லை. இந்தப் பெட்டி விஷயமெல்லாம் தெரிந்தவர்கள் கூடும் இணையக் குழுவில் போய்க் கேட்டார். 'அட்மினுக்குத் தெரியாமல் அங்கே எதுவும் ஓடாது ஐயா' என்று யாரோ பதில் போட்டிருந்தார்கள். அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

"இனிமே நீதான் அட்மின். பாஸ்வேர்ட நீயே போட்டுக்க. என்கிட்ட சொல்லாத."

"நான் என்னத்தக் கண்டேன் இதுல? எங்கயாவது அமுக்கிட்டு எல்லாம் போயிடுச்சுன்னா?"

"போனா போகட்டும். போடு."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவள் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். மறுபடி திரும்பியபோது அவருடைய கணக்கில் படங்களும் பாட்டுகளும் மட்டும்தான் இருந்தன, வீட்டிலுள்ள மற்றவர்களைப் போல.

செவ்வாய் போயிற்று. புதன்கிழமை முற்பகல் இருவரும் கூடத்தில் இருந்தார்கள். அவள் அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைக்க எடுத்து வைத்திருந்தாள். உள்ளறையில் டிஸ்க் கரகரவென்று ஓட ஆரம்பித்தது. யாராவது படம் போட்டால் இப்படித்தான் ஓடும். பெட்டி தன் பாட்டுக்கு எதையாவது சரிபார்த்துக்கொண்டிருக்கும்; அப்படியும் ஓடும். அவள் போனை எடுத்தாள். அட்மின் பக்கத்தை விரலால் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு ஊசியையும் நூலையும் அவரிடம் நீட்டினாள்.

"கோத்துக் குடுங்க. எனக்குக் கண்ணு தெரியல."

கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அவர் நூல் முனையை உதட்டில் வைத்து ஈரமாக்கினார், ஊசியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நூல் இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று. உள்ளே டிஸ்க் ஓடிக்கொண்டே இருந்தது.