கடைக்கயிறு

பத்தாம் மாதப் பூசைக்கு ஏழு நாள் இருக்கும்போது, மலைமேல் அடைக்கல மண்ணான சோதோவின் கம்பம் அடியில் உளுத்துவிட்டது, மாற்றவேண்டும் என்று பூசாரி சொன்னார். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சுட்ட கஷ்கொட்டையை உரித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டார். என்னால் அப்படி இருக்க முடியுமா? என் தம்பி கதல் அந்தக் கம்பத்தை நம்பித்தான் ஐந்து மாதமாக உயிரோடு இருந்தான்.

விதைப்பு சமயத்தில் வாய்க்கால் தண்ணீருக்காக வந்த வினை அது. மேல்பக்கம் எங்கள் மொரோபி நாடு, கீழ்ப்பக்கம் சனபிரி நாடு. சனபிரிப் பையன் ஒருவன் மடையை அடைக்க வந்தான். கதல் அவனைப் பிடித்துத் தள்ளினான். தள்ளியது என்னவோ சாதாரணமாகத்தான். பையனின் பின்மண்டை மடைக்கல்லில் பட்டது, எழுந்திருக்கவே இல்லை. பத்தொன்பது வயது, பெயர் இச்சு. புரிசு என்பவருக்கு அவன் ஒரே பிள்ளை. கதல் கைச் சேற்றைக்கூடக் கழுவாமல் மலையேறிச் சோதோவுக்குள் போய் விழுந்துவிட்டான்.

எங்கள் தேசத்துக்கு மாகன் என்று மொத்தமாகப் பெயர் சொன்னாலும் உள்ளே ஐம்பத்துச் சொச்சம் நாடுகள். ஒவ்வொன்றுக்கும் சின்ஜி என்று ஒரு தலைவர். ஒவ்வொரு சின்ஜிக்கும் தன்னை விட்டால் ஆள் இல்லை என்ற நினைப்பு. ஆனால் எந்தச் சின்ஜியும், மோக்ஜியில் இருக்கும் பெரிய அரசரும்கூட, சோதோவைச் சுற்றிக் கட்டிய வைக்கோல் கயிற்றைத் தாண்டி ஒருவனைப் பிடிக்க முடியாது. நடுவில் கம்பம் நிற்கிறது, உச்சியில் மணிகளும் முரசும் தொங்குகின்றன. அது நிற்கும்வரை அந்த மண் வானத்துக்குச் சொந்தம். திருடனோ கொலைகாரனோ, உள்ளே இருந்தால் பிழைத்தான். வெளியே கால் வைத்தால் அன்றைக்கே தலை போகும்.

புரிசு அந்த வைக்கோல் கயிற்றுக்கு வெளியே ஐந்து மாதமாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு இரும்புக் கோடரி. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, ஆள் பாதியாகிவிட்டார். நான் தினமும் தம்பிக்குச் சோறு கொண்டு போக அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒரு நாளும் சும்மா விட்டதில்லை.

“என்ன புள்ள, இன்னைக்கும் கருவாடா? நல்லா ஆக்கிப் போடு. கொழுக்க வச்சாத்தான் வெட்டுறவனுக்கும் ஒரு இது.”

“யோவ் பெருசு, உன் வாயில புழு விழ. வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்ல?”

“வீட்டுல யாரு இருக்கா?”

விறுவிறுவென்று உள்ளே போய்விடுவேன். சில நாள் அவர்மேல் இரக்கம் வரும். அப்புறம் கோடரியைப் பார்ப்பேன், இரக்கம் போய்விடும்.

இப்போது கம்பத்தை இறக்கப் போகிறார்கள். பழையதைப் பிடுங்கி, குழியைச் சுத்தம் பண்ணி, புதியதை நிறுத்த ஒரு பானைச் சோறு வேகும் நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் சோதோ என்பது சோதோதானா, இல்லை வெறும் மண்ணா? நான் பூசாரியிடம் ஓடினேன்.

“இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா” என்றார் அவர்.

“இப்ப நான் கேக்கறேன்ல? கம்பம் கீழ கெடக்கறப்ப அந்தாளு உள்ள வந்து வெட்டுனா?”

“பாவம்தான்.”

“பாவம்னா யாருக்குப் பாவம்? செத்தவனுக்கா? புதுக் கம்பத்தைப் பக்கத்துக் குழியில நட்டுட்டு அப்புறமா பழசைப் புடுங்குங்களேன்.”

“ஒரு வானத்துக்கு ரெண்டு கம்பமா? வெளங்கிடும்.”

சின்ஜியிடம் போனேன். எங்கள் சின்ஜி அந்த மாதம் சனபிரிச் சின்ஜியின் மகளுக்கும் தன் மகனுக்கும் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார். ஆகவே என் முகத்தைப் பார்க்காமல் கழுத்துப் பாசிமணியை உருட்டிக்கொண்டே பேசினார்.

“என் காவலாளுங்க கயித்தைத் தாண்டி உள்ள வரமாட்டாங்க. அது உறுதி. ஆனா வேற எவன் உள்ள போனாலும் தடுக்கறது அவங்க வேலை இல்ல. உன் தம்பி வெளிய வந்தான்னா, புடிக்கறது அவங்க வேலை.”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் புருஷன் ஒரு வாயில்லாப் பூச்சி. “நீ பயந்து பயந்தே ஒண்ணை இழுத்து விடப்போறே” என்று அதிசயமாக ஒரு வார்த்தை சொன்னான். அவன்மேல் அகப்பையை எறிந்தேன்.

ஆறாம் நாள் காலையில் தலை பின்னும்போதுதான் எனக்கு யோசனை வந்தது. கம்பம் தூக்க ஒரு பெரிய கயிறு. அக்கம்பக்கத்து நாட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து இழுப்பார்கள். கயிற்றில் கை வைத்தவர், கம்பம் நின்று பூசாரி தன் கைமுரசை முழக்கும்வரை கையை எடுக்கக்கூடாது. எடுத்தால் அவர் குலத்தில் யாரும் வானம் சேரமாட்டார்கள். ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்களும் கீழே விழுந்துவிடுவார்கள். புரிசு கயிற்றைப் பிடித்துவிட்டால் கோடரியை எந்தக் கையால் எடுப்பார்? பழையதை இறக்குவதிலிருந்து புதியது நிற்கும்வரை அவர் கை கட்டுண்டு கிடக்கும். அடி என் புத்திசாலித்தனமே என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அன்று மலைமேல் நல்ல கூட்டம். புதுக் கம்பத்துக்குப் பட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்.

“யோவ் பெருசு, நாளைக்குக் கயிறு புடிக்க வர்றியா?”

“எனக்கு வேற வேலை இருக்கு” என்று கோடரியைத் தட்டினார்.

“கேட்டீங்களா எல்லாரும்? ஊரே வானத்துக்குக் கம்பம் தூக்குது, இவரு மட்டும் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாப்பாராம். உன் மவன் எங்கய்யா போயிருக்கான்? அந்த வானத்துக்குத்தானே இந்தக் கம்பம்? அவனுக்காக ஒரு இழு இழுக்கக் கூடவா உனக்கு நோவுது?”

நான் சொன்னது அசிங்கம் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் சொன்னேன், தம்பி உயிராயிற்றே. புரிசு மடியிலிருந்த கோடரியை இறக்கிப் பக்கத்தில் வைத்தார்.

“சரி புள்ள. புடிக்கறேன்.”

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. அப்போதுதான் பூசாரி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

“நல்லதாப் போச்சு. இந்த வருஷம் இவரை மாதிரி இழந்தவங்க யாரும் இல்ல. கடைக்கயிறு இவருக்குத்தான்.”

என் தலையில் இடி விழுந்தது. எத்தனை கம்பம் ஏற்றிப் பார்த்தவள் நான், இதை எப்படி மறந்தேன்? அந்த ஆண்டில் பெரிய சாவு கண்டவருக்குத்தான் கயிற்றின் கடைசி முனை. இழுக்கும்போது முரசு இரண்டு தட்டுத் தட்டினால் மற்றவர்கள் பிடியைத் தளர்த்திக் கையைக் கயிற்றோடு முன்னே நகர்த்துவார்கள். அந்த ஒரு மூச்சுக்கு முழுப் பாரத்தையும் கடைக்கயிற்றுக்காரர் ஒருவர்தான் தாங்குவார். அவர் விட்டால் கம்பம் பின்னால் விழும், அடிமரம் துள்ளும். அடிமரத்தைப் பலகை வைத்துக் குழிக்குள் இறக்குகிறவன் கதி அதோகதி. குழியில் இறங்குவது யார்? அடைக்கலம் புகுந்து உள்ளேயே வாழும் சோதோவாசி. உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நொண்டித் திருடன். இன்னொருவன் கதல்.

நானே அவருக்கு என் தம்பியின் உயிரை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறேன்.

“நீ குழியில எறங்காதடா” என்று கதலிடம் கெஞ்சினேன்.

“எறங்கலைன்னா இங்க இருக்க விடமாட்டாங்கக்கா. உள்ள சோறு திங்கறவன் செய்யுற ஒரே வேலை அதுதான்.” அவன் பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தான். “அந்தாளு விட்டுடுவானாக்கா?”

“நான் அவனுக்கு முன்னாடியே நின்னு இழுக்கறேன். கண்ணை எடுக்க மாட்டேன். ஏதாவதுன்னா கத்தறேன், நீ வெளிய பாஞ்சிடு.”

மறுநாள் உச்சிவேளையில் பழைய கம்பத்தைப் பிடுங்கிப் படுக்க வைத்தார்கள். மணிகள் மண்ணில் விழுந்து ஒரு சத்தம் போட்டன, அவ்வளவுதான். வைக்கோல் கயிற்றுக்கு வெளியே சின்ஜியின் காவலாட்கள் நான்கு பேர் ஈட்டியோடு நின்றார்கள். குழியைச் சுத்தம் செய்யும்போதும் நாங்கள் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. புரிசுவின் கோடரி ஒரு பாறைமேல் கிடந்தது. அவர் குதிகாலை மண்ணில் புதைத்து, கயிற்றை இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தார். நான் அவருக்கு முன் ஆள். அவர் மூச்சு என் பிடரியில் பட்டது.

“என்ன புள்ள, திரும்பித் திரும்பிப் பாக்கறே? கழுத்து சுளுக்கிக்கப் போவுது” என்றார்.

“நீ ஒழுங்காப் புடி.”

“நீ ஒழுங்கா இழு.”

முரசு ஒரு தட்டு. இழுத்தோம். புதுக் கம்பத்தின் தலை தரையை விட்டு எழும்பியது. இரண்டு தட்டு, கை மாற்றினோம். திரும்பிப் பார்த்தேன். பிடித்திருந்தார். மறுபடி இழுத்தோம், மறுபடி கை மாற்றினோம். அவர் நெற்றி நரம்பு புடைத்திருந்தது, பிடி விடவில்லை. மூன்றாம் முறையும் அப்படித்தான். கம்பம் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது. குழிக்குள் கதலின் தலையும் பலகையைப் பிடித்த விரல்களும் மட்டும் தெரிந்தன. தெய்வமே, இன்னும் இரண்டே இழுப்பு.

நான்காம் முறை முரசு இரண்டு தட்டுத் தட்டியது. எல்லோரும் பிடியைத் தளர்த்தினார்கள். நான் திரும்பினேன்.

புரிசுவின் வலது கை விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. கை கயிற்றை விட்டுக் கீழே இறங்கியது.

“கதல்! ஓடுடா! விட்டுட்டான், ஓடு!”

தம்பி குழியிலிருந்து பாய்ந்தான். எந்தப் பக்கம் என்றெல்லாம் பார்க்கவில்லை, எங்கள் கயிற்றை ஒட்டியே வந்தான். புரிசுவின் தோளை உரசிக்கொண்டு, கை நீட்டினால் பிடித்துவிடும் தூரத்தில் ஓடினான். புரிசு பிடிக்கவில்லை. அவரால் முடியாது. கீழே இறங்கிய அந்த வலது கை கயிற்றை அடியிலிருந்து வாரி எடுத்து முழங்கை வரை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. உள்ளங்கை இரண்டும் பிய்ந்து ரத்தம் வழிந்ததால் கயிறு வழுக்கியிருக்கிறது, அதைத்தான் அவர் இறுக்கிக்கொண்டிருக்கிறார். நான் போட்ட கூச்சலில் மற்றவர்கள் திகைத்து நின்றுவிட்டார்கள். கம்பத்தின் முழுப் பாரமும் அந்த ஒற்றைக் கைமேல் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அவர் விடவில்லை.

“இழு புள்ள” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “எம்மவன் விழுந்துடுவான். இழு!”

கதல் வைக்கோல் கயிற்றைத் தாண்டிவிட்டான். நான்கே எட்டில் காவலாட்கள் அவனை மடக்கிக் குப்புறத் தள்ளினார்கள். அவன் “அக்கா!” என்று அலறினான். நான் கையை எடுத்து ஓடியிருக்கலாம். எடுத்தால் என் அப்பாவும் அம்மாவும் வானத்திலிருந்து விழுவார்கள். எடுத்தால் கம்பமும் விழும், முப்பது பேர் நடுவில். ஐயோ, நான் எடுக்கவில்லை. அழுதுகொண்டே இழுத்தேன். அடிமரம் பலகையை உடைத்துக்கொண்டு தானாகவே குழிக்குள் இறங்கி உட்கார்ந்தது. ஆட்கள் கல்லையும் மண்ணையும் அள்ளிப் போட்டு மிதித்தார்கள். அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

முரசு முழங்கியது. கையை விரித்தேன். புரிசுவின் கையிலிருந்து கயிற்றை அவிழ்க்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவர் உட்கார்ந்து, தொங்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“வழுக்குச்சு புள்ள. அதான் சுத்துனேன்.”

நான் கதலிடம் ஓடினேன். அவனைப் பின்கட்டாகக் கட்டியிருந்தார்கள். “உள்ள விடுங்க, இப்பதான் கம்பம் நின்னுடுச்சே” என்று காவலாட்களின் காலைப் பிடித்தேன். அவன் வெளியே வந்துதான் பிடிபட்டான், அவனைக் காக்க இனி வானத்துக்கும் உரிமை இல்லை என்று அவர்களில் மூத்தவன் சொன்னான். பூசாரி கம்பத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கதல் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே நேராக நின்றுகொண்டிருந்த கம்பத்தையே பார்த்தான்.

“அவரு விடலையேக்கா. ஏன் ஓடச் சொன்னே?”

அவனை எழுப்பி மலைக்குக் கீழே நடத்திக்கொண்டு போய்விட்டார்கள்.