ஜாக்கியை எங்கே மாட்டுவது

என் ஜீப் சேற்றில் புதைந்ததற்கு நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் வண்டி ஓட்டுகிறவன் மாதத்துக்கு ஒருமுறை புதையாமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் கையில் ஜாக்கி இருந்தும் அதை வெளியே எடுக்க முடியாமல் போனதே, அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் குப்பத்து மீனை மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போக ஒரு பருவத்துக்கு ஒரே வண்டிதான். யாருடையது என்று சாமி முன்னால் சீட்டுக் குலுக்குவோம். இந்தத் தடவை முதல் சீட்டில் சிங்காரம் என்று என் பெயர் வந்தது. இரண்டாவது, என் தங்கை பூவிழியின் புருஷன் பூவரசன். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வண்டி வராவிட்டால் வேலை அடுத்த சீட்டுக்காரனுக்குப் போய்விடும்.

மறுநாளே சென்னைக்குப் போய் ஒரு நெட்டை ஜாக்கி வாங்கி வந்தேன். என் மார் உயரம், பதினாலு கிலோ. அடியில் ஒரு பலகை போட்டால் ஒற்றை ஆளாகவே வண்டியைத் தூக்கிவிடலாம். எங்கே மாட்டுவது என்பதில்தான் குழப்பம். மேலே கட்டினால் கூடை ஏற்ற இடைஞ்சல். பின்கதவில் மாட்டினால் கனம் தாங்காமல் கீல் பிடுங்கிக்கொள்ளும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நிறுத்தி போல்ட் போட்டால் இரண்டு கூடை இடம் போகும். பூவரசனிடம் அதே ஜாக்கி ஒரு வருஷமாக இருக்கிறது. அவன் ஜீப் அப்போது தோணிரேவுப் பட்டறையில் கிடந்தது. அவனிடமே கேட்டேன்.

"முன்னாடி பம்பர்லதான் மச்சான். என் வண்டில பாக்கல? நங்கூரத்த எங்க வெப்போம், அணியத்துலதானே?"

போட்டின் மூக்குப் பக்கமான அணியத்தில் நங்கூரம் கிடப்பதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவனுக்கு இதில் சந்தேகம் எப்படி வரும்? பம்பரில் இரண்டு கொக்கி வெல்டிங் வைத்து, நட்டுப் போட்டு ஜாக்கியை முடுக்கிக் கொடுத்ததும் அவனே. நானும் முட்டாள் மாதிரி சந்தோஷப்பட்டேன்.

ஜீப்பும் போட்டும் ஒன்றல்ல என்பது மூன்றாவது வாரத்தில் புரிந்தது. முன்பக்கம் ஏற்கெனவே இன்ஜின் கனம், அதோடு ஜாக்கியின் கனமும். முன்சக்கரம் இறங்கியதும் பம்பர் சேற்றுக்குள் போனது, ஜாக்கியும் கூடவே போனது. கையை விட்டுத் துழாவினேன். நட்டு கிடைத்தது, ஸ்பானர் திரும்பவில்லை. அதற்குள் முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. என் கால் பம்பருக்கு அடியில் சிக்கிக்கொண்டது. தண்ணீர் கழுத்துக்கு வந்தபோதுதான், நண்டு வலை போட வந்த தருமன் என் சத்தம் கேட்டு ஓடிவந்து இழுத்துப் போட்டான். இன்ஜின் முழுக்க உப்புத் தண்ணீர். மூன்று நாளில் அதைச் சரிசெய்ய முடியவில்லை.

நாலாம் நாள் வேலை பூவரசனுக்குப் போனது. நம் வீட்டுக்குள்தானே போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கூடை ஏற்ற ஒத்தாசைக்கு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் ஜீப்பின் பின்கதவு திறந்திருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், தார்ப்பாய் சுற்றி, நாலு போல்ட் போட்டு நின்றது ஜாக்கி. முன்னால் போய்ப் பார்த்தேன். பம்பரில் பழைய வெல்டிங்கைத் தேய்த்துப் புதுப் பெயின்ட் அடித்திருந்தது.

"எப்ப மாத்தன மாப்ள?"

அவன் கூடையைக் கீழே வைத்தான். "பொங்கலுக்கு முன்ன. எனக்கும் இப்டித்தான் புதைஞ்சிச்சி."

எனக்கு அவன் வெல்டிங் வைத்தது அதற்குப் பிறகு, மாசியில். அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் கையைத் தட்டிவிடக்கூட இல்லை.

"அவர வுடுண்ணா," என்றாள் பூவிழி. வாசலில் எவ்வளவு நேரமாக நின்றாளோ. "உன் வண்டில மாட்டிட்டு வந்து ராத்திரியெல்லாம் தூங்கல. கழட்டி உள்ள மாத்திக் குடுக்கறேன்னுதான் கெளம்புனாரு. நான்தான் வேணான்னேன். நீ ஒண்டிக்கட்ட. எங்களுக்கு ரெண்டு புள்ளைங்க கீதுண்ணா."

என் கை தானாகக் கீழே இறங்கியது. ஜாக்கி மாட்டிய மறுநாள் வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து, என் நெற்றியில் குங்குமம் இட்டவள் இவள்.

"வண்டி மாட்டிக்கும்னு தெரியும் உனக்கு?"

"தெரியும்."

"வண்டியோட நானும் இருப்பேன்னு?"

அவள் கீழே கிடந்த கூடையைத் தானே தூக்கி ஜீப்பில் வைத்தாள்.